உமியும் நார்த்தூளும்: மண்ணில்லா நாற்றங்காலின் வரலாறு

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலைப் படித்தவர்களுக்குக் கோவலன் கண்ணகி திருமணக் காட்சி மறந்திருக்காது. அதில் மங்கலப் பொருள்களை ஏந்தி வரும் மகளிரிடையே, முளைவிட்ட பாலிகைகளையும் குடங்களையும் ஏந்தி வருவோரையும் இளங்கோவடிகள் காட்டுகிறார். அந்தப் பாலிகையின் வழித்தோன்றலை இன்றும் தென்மாவட்டங்களின் அம்மன் கோயில் திருவிழாக்களில் முளைப்பாரி என்ற பெயரில் காண்கிறோம். மண்சட்டியிலோ ஓலைக் கொட்டானிலோ வைக்கோலைப் பரப்பி, காய்ந்த சாணத்தூளைத் தூவி, ஊறவைத்த நவதானியத்தை இட்டு, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளிப்பார்கள். ஏழாம் நாளோ பத்தாம் நாளோ அவை வெளிர்மஞ்சள் நிறத்தில் முழ உயரம் எழுந்து நிற்கும். கும்மியடித்து ஊர்வலமாகக் கொண்டுபோய் நீர்நிலையில் கரைப்பது வழக்கம்.

இந்தச் சடங்கின் பொருளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குள் பொதிந்திருக்கும் ஓர் உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே செல்வோம். அந்தப் பத்து நாட்களுக்கு விதைக்கு வயல் தேவைப்படவில்லை, வெயில்கூடத் தேவைப்படவில்லை. ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஏதோ ஒன்றும், வேர் மூச்சுவிடக் கொஞ்சம் இடைவெளியும், முளை சாயாமல் நிற்க ஒரு பிடிமானமும் போதுமாயிருந்தன. உணவைத் தாய்ச்செடி முன்னமே விதைக்குள் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தது.

இன்று நகரங்களில் மொட்டை மாடிகளிலும் பால்கனிகளிலும் மண்ணில்லாமல் நீர்வழியே செடி வளர்க்கும் ஆர்வம் பெருகியிருக்கிறது. ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் தமிழிலும் நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் புதிதாகத் தொடங்க விரும்புகிறவர் முதலில் சந்திப்பது ஒரு விலைப்பட்டியலைத்தான். விதை முளைக்கவைக்க இறக்குமதியான கனசதுரங்கள், அவற்றைத் தாங்கும் தட்டுகள், தட்டுகளை மூடும் கூண்டுகள் என்று அது நீளும். அதைப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆகாது" என்று ஒதுங்குபவர்களே அதிகம். இந்தச் செலவு உண்மையிலேயே விதையின் தேவையா, அல்லது இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கமா? மண்ணில்லா வேளாண்மையின் வரலாற்றை விதையின் பக்கம் நின்று பார்த்தால் இதற்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

செடி எதைத் தின்கிறது?

மேலைநாட்டு அறிவியலில் இக்கதை ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. செடியின் உடல் எதனால் ஆனது? பிரான்சிஸ் பேக்கன் இறந்த மறு ஆண்டு, 1627இல் வெளிவந்த அவருடைய இயற்கை வரலாற்று நூலில், செடிக்கு ஊட்டம் தருவது பெரும்பாலும் நீரே என்றும், மண் செடியை நிமிர்த்தி நிறுத்தவும் வெப்பத்திலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கவும் மட்டுமே உதவுகிறது என்றும் கருத்துரைத்தார். பிளெமிய மருத்துவர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல் எடை ஏறியிருந்தது. மண்ணோ 2 அவுன்ஸ் அளவே குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுவதும் நீரால் ஆனது என்று முடிவுகட்டினார். அவர் மறைந்தபின் 1648இல் இச்சோதனை அச்சேறியது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைச் செடி உண்கிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

இந்த முடிவை ஐயுற்றவர் ஆங்கிலேயரான ஜான் உட்வர்டு. அவர் புதினாத் தண்டுகளை மழைநீர், தேம்ஸ் ஆற்றுநீர், தோட்டமண் கலக்கிய நீர் எனப் பலவகை நீரில் வளர்த்து எடை பார்த்தார். தூய நீரைவிட மண் கலந்த நீரில் செடி நன்றாக வளர்ந்தது. ஆகவே நீரோடு வேறேதோ ஒன்றும் செடிக்குள் போகிறது என்று 1699இல் எழுதினார். மண்ணில்லா வேளாண்மையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இவரிடமிருந்தே தொடங்குகிறார்கள்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வான் ஹெல்மான்ட் நட்டது கன்று; உட்வர்டு வைத்தது வெட்டிய தண்டு. இருவரும் விதையிலிருந்து தொடங்கவில்லை. வேரும் இலையும் கொண்ட செடியை நீரில் நிறுத்துவது எளிது. மணியளவு விதையை நீரில் போட்டால் அது மூழ்கும், மூச்சுத்திணறி அழுகும். எனவே விதையிலிருந்து தொடங்க விரும்பியவர்கள் "செடி எதைத் தின்கிறது?" என்ற கேள்வியோடு "விதை எதன்மேல் நிற்கும்?" என்பதையும் கேட்டாக வேண்டியிருந்தது. முதற் கேள்விக்கு விடை கண்டவர்களைப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. இரண்டாவது கேள்விக்கான விடைகளோ சோதனைக் குறிப்புகளின் ஓரத்தில் ஒரு வரியாக ஒதுங்கிவிட்டன.

மணலும் மரத்தூளும்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ தூய மணல், படிகக்கல், மரக்கரி ஆகியவற்றில் செடிகளை வளர்த்து, அளந்த உப்புக்கரைசல்களை மட்டும் ஊற்றிப் பார்த்தார். இம்மூன்றும் செடிக்கு எதையும் ஊட்டுபவை அல்ல. ஊட்டாத ஒன்றில் நிறுத்தினால்தான் ஊட்டியது எது என்று சொல்லமுடியும். அறிவியல் ஒழுங்குக்காக அவர் தேர்ந்த இந்தப் பொருள்கள் தற்செயலாக உலகின் மிக மலிவான பொருள்களாகவும் இருந்தன.

1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் ஜூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் நீரில் கரைத்த சில உப்புகளைக் கொண்டே செடியை விதையிலிருந்து முதிர்ச்சிவரை வளர்க்க முடியும் என்று நிறுவினர். இத்தகைய ஆய்வுக்கூடங்களில் வழக்கமான முறை, விதையை ஈரமான மரத்தூளிலோ மணலிலோ தாளிலோ முளைக்கவைத்து, வேர் நீண்டபின் துளையிட்ட தக்கையில் செருகிக் கரைசலுக்கு மாற்றுவது. இன்று வீட்டில் ஹைட்ரோபோனிக்ஸ் செய்கிறவர் நாற்றைச் சிறு கூடையில் வைத்துக் குழாயின் துளையில் இறக்குகிறாரே, அதன் முன்னோடி இந்தத் தக்கைதான்.

சாக்ஸ் 1872இல் செய்த ஒரு சோதனையை இங்கே சொல்லாமல் போகக்கூடாது. ஒரு சல்லடையில் ஈர மரத்தூளை நிரப்பி, அதில் விதைகளை இட்டுச் சாய்வாகத் தொங்கவிட்டார். முளைத்த வேர்கள் புவியீர்ப்புக்கு இணங்கிக் கீழ்நோக்கி வந்து சல்லடைக் கண்களின் வழியே வெளியே நீண்டன. ஆனால் வெளியே வறண்ட காற்று. கொஞ்ச தூரம் நீண்ட வேர்கள் வளைந்து, ஈரமான சல்லடையின் அடிப்பரப்பை நோக்கியே திரும்பி ஒட்டிக்கொண்டன. இளவேர் கீழே போவதைவிட ஈரத்தைத் தேடுவதையே முதன்மையாகக் கொள்கிறது என்பது இதனால் புலனாயிற்று. நாற்றுவிடும் ஒவ்வொருவரும் இந்தச் சல்லடையை மனத்தில் வைத்திருக்கவேண்டும். ஊடகத்தின் மேற்பகுதி மட்டும் நனைந்திருந்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடிவரை சீரான ஈரம் இருந்தால்தான் அது இறங்கி வந்து கரைசலைத் தொடும்.

கெரிக்கின் பரண்

ஆய்வுக்கூடத்திலிருந்த இந்த முறையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக். 1929இல் இதைப் பயிர்த்தொழிலாகச் செய்யலாம் என்று அறிவித்தார். 25 அடி உயரம் ஏறிய அவருடைய தக்காளிக் கொடிகள் செய்தித்தாள்களில் பெரும் பரபரப்பை உண்டாக்கின. ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937இல் வழக்கில் விட்டவரும் அவரே. அதே பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் செட்செல் எடுத்துக் கொடுத்த சொல் அது; கிரேக்கத்தில் நீர், உழைப்பு என்னும் இரு சொற்களின் கூட்டு.

கெரிக்கின் தொட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் கரைசலைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் அதன்மேல் அமைத்த நாற்றுப் பரணைப் பலரும் மறந்துவிட்டனர். கரைசல் நிறைந்த ஆழமில்லாத தொட்டியின்மேல் கம்பிவலை விரித்து, அதன்மேல் வைக்கோல், மரச்சீவல், மரத்தூள், உமி போன்றவற்றை ஒரு படுக்கையாகப் பரப்பினார். விதையோ நாற்றோ அந்தப் படுக்கையில் வேர்பிடித்து, வலைக்கண் வழியே கீழிறங்கிக் கரைசலைத் தொடும். படுக்கைக்கும் கரைசலுக்கும் இடையிலிருந்த காற்றுவெளி வேரின் மேற்பகுதிக்கு மூச்சாயிற்று. படுக்கை வெளிச்சத்தையும் மறைத்ததால் கரைசலில் பாசி படியவில்லை. அதில் செலவுவைக்கும் பொருள் என்று சொல்லப்போனால் கம்பிவலை ஒன்றுதான்.

கெரிக்கின் புகழ் பெருகப் பெருக, மண்ணில்லாப் பயிர் மண்ணை வென்றுவிடும் என்ற மிகைப்பேச்சும் பெருகியது. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் ஒரு சிற்றேடு வெளியிட்டு இந்தப் பேச்சுக்குக் கடிவாளம் போட்டார்கள். நல்ல மண்ணில் கிடைப்பதைவிட மிகுதியான விளைச்சல் நீரில் கிடைத்துவிடாது. ஒளியும் வெப்பமும் வகுத்த எல்லையை எந்த முறையும் தாண்டாது என்பது அவர்கள் முடிவு. அந்த ஏட்டில் அவர்கள் கொடுத்த கரைசல் பிற்காலத்தில் ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் பொதுவாயிற்று. மாயம் எதுவும் இல்லை என்று அறிவித்தவர்களின் கரைசலே நிலைத்தது என்பது நினைக்கத்தக்கது.

தூய்மையின் விலை

அப்படியானால் மலிவான படுக்கை எப்படி விலையுயர்ந்த கனசதுரமாயிற்று? அதற்கும் நியாயமான காரணம் ஒன்று இருந்தது. அதன் பெயர் நாற்றழுகல்.

முளைத்து இரண்டு விதையிலை விரித்து நிற்கும் நாற்று, ஒரே இரவில் தரையோடு தரையாகக் கழுத்து ஒடிந்து விழுவதைக் கண்டவர்களுக்கு அந்தத் துயரம் தெரியும். பித்தியம், ரைசாக்டோனியா முதலிய நுண்ணுயிர்கள் ஈரம் மிகுந்த, காற்றோட்டம் குறைந்த இடத்தில் இளந்தண்டைத் தாக்குகின்றன. 1930களில் லண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில், மரபியல் ஆய்வுக்காக வளர்த்த பிரிமுலா நாற்றுகள் பெருமளவில் மடிந்தன. அங்கே பணியாற்றிய வில்லியம் லாரன்சும் ஜான் நியூவெல்லும் மண்ணை நீராவியில் வேகவைத்து, எருக்கலவையை அளவுப்படுத்தி, நாற்றுக்கும் தொட்டிச்செடிக்கும் தனித்தனிக் கலவைகளை வகுத்தார்கள். நாற்றுக்கான கலவையில் உரம் மிகக் குறைவு. விதைக்கு ஊட்டத்தைவிடத் தூய்மையே முக்கியம் என்ற பாடம் தோட்டக்கலைக்குள் இவ்வாறு உறுதியாக நுழைந்தது.

மண்ணை வேகவைப்பதைவிட மண்ணையே விட்டுவிடுவது எளிது என்று அடுத்த தலைமுறை எண்ணியது. 1957இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் நுண்மணலும் பீட் என்னும் சதுப்புநிலப் பாசிமக்கும் சேர்ந்த கலவைகளை முன்வைத்தது. 1960களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பூட்லியும் ஷெல்ட்ரேக்கும் பீட்டோடு வெர்மிகுலைட், பெர்லைட் போன்ற சூட்டில் பொரித்த கனிமங்களைச் சேர்த்தார்கள். 1969இல் டென்மார்க்கில் பாறையை உருக்கி நூலாக நூற்ற ராக்வூல், செடி வளர்க்கும் ஊடகமாகச் சந்தைக்கு வந்தது. கட்டடங்களுக்கு வெப்பக்காப்பாகச் செய்யப்பட்ட பொருளின் மறுபிறவி அது. நுண்ணுயிர் அற்றது, ஒரே சீரானது, எந்திரத்துக்கு ஏற்றது. லட்சக்கணக்கில் நாற்று விடும் ஐரோப்பியக் கண்ணாடிக்குடில்களுக்கு அது வரமாகவே அமைந்தது.

ஆனால் அந்தக் குடில்களுக்காகப் பிறந்த பொருள், இருபது கீரைச்செடி வளர்க்க நினைக்கும் வீட்டுக்கும் கட்டாயம்போல வந்து சேர்ந்ததே, அங்கேதான் பிழை. மேலும் ராக்வூல் மக்காது. பீட்டோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் சதுப்புநிலங்களில் படிவது; ஒரு சாண் ஆழத்தைத் தோண்டி எடுத்தால் இரண்டு நூற்றாண்டைத் தோண்டி எடுத்ததாகும். வீட்டு நாற்றுக்கு வேண்டிய தூய்மையை இவை இரண்டும் இல்லாமலே அடைய முடியும் என்பதை, இதே காலத்தில் வேறு சில ஊர்கள் காட்டிக்கொண்டிருந்தன.

கலிம்போங் முதல் பொகோட்டா வரை

அவற்றுள் முதலாவது நம் நாட்டிலேயே இருக்கிறது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்காளம் லட்சக்கணக்கான உயிர்களை இழந்த வடு ஆறாத காலம். 1946இல் டார்ஜிலிங் மாவட்டத்தின் கலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் மண்ணில்லா வேளாண்மை ஆய்வைத் தொடங்கினார். அமெரிக்கத் தொட்டிகளையும் இறைப்பான்களையும் அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே யாருக்கும் பயன்படாது என்பதை உணர்ந்து அவர் எல்லாவற்றையும் எளிமையாக்கினார். உடைத்த கல்லும் கல்தூளும் அல்லது மணலும் கலந்த படுக்கை. இறைக்கும் எந்திரம் இல்லை. உப்புகளைக் கரைத்து ஓட்டுவதற்குப் பதிலாக, உலர்ந்த பொடியாகவே படுக்கையின்மேல் தூவி நீர் தெளித்தல். 1951இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே இம்முறையை வங்க முறை என்று குறித்தது. ஹைட்ரோபோனிக்ஸ் இந்தியாவுக்கு நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள், நாடு விடுதலை அடையும் முன்பே அது இமயமலைச் சாரலில் ஏழையின் கைப்பொருளாக மாற்றப்பட்டதை அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது ஊர் இங்கிருந்து வெகுதொலைவு. தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவின் விளிம்பில் ஜெருசலேம் என்று ஒரு குடியிருப்பு. கிராமத்திலிருந்து வந்து குடியேறிய ஏழைகள் வாழும் இடம். 1980களில் அங்கே ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியோடு பெண்கள் தங்கள் வீட்டுக் கூரைகளிலும் முற்றங்களிலும் மண்ணில்லாக் கீரைத்தோட்டம் போட்டுச் சந்தைக்கு அனுப்பினார்கள். மக்கள் ஹைட்ரோபோனிக்ஸ் என்று பின்னர் பெயர்பெற்ற இந்த முறையைச் சேசர் மருலாண்டாவும் ஹுவான் இஸ்கியர்தோவும் 1993இல் ஒரு கையேடாக எழுத, உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் லத்தீன் அமெரிக்க அலுவலகம் வெளியிட்டது.

அந்தக் கையேட்டின் நாயகன் உமிதான். 60 பங்கு உமிக்கு 40 பங்கு ஆற்றுமணல். 50 பங்கு உமிக்கு 50 பங்கு நிலக்கரிக் கசடு. 80 பங்கு உமிக்கு 20 பங்கு மரத்தூள் என்று கிடைக்கும் பொருளுக்கேற்ற கலவைகளை அது சொல்கிறது. பெட்டிக்குப் பழைய மரப்பலகை. உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு. உமியை அப்படியே பயன்படுத்தக்கூடாது. பல நாட்கள் நீரில் ஊறி நொதித்து, அலசப்பட்ட பிறகே பயன்படுத்தவேண்டும். ஏனென்றால் அதில் ஒட்டியிருக்கும் நொய்யும் நெல்லும் முளைத்துவிடும். மாவு அழுகி நோயை அழைக்கும். மிதக்கும் பலகையில் வளரும் இலைக்கீரைகளுக்கு மெத்தைக் கடைகளில் கிடைக்கும் நுரைப்பஞ்சைச் சிறு கட்டங்களாக வெட்டி, நடுவில் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு நாற்றைச் செருகினார்கள். ராக்வூல் கனசதுரம் செய்யும் வேலையை மெத்தைப் பஞ்சு செய்தது. நீராவி தந்த தூய்மையை ஊறலும் அலசலும் தந்தன. பணத்துக்கு ஈடாக அங்கே செலவானது உழைப்பும் கவனமும்.

மூன்றாவது ஊர் பிலிப்பைன்சின் லாஸ் பானோஸ். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பெருக்க நிறுவனத்தில் உருவான எளிய முறையில், திராட்சை இறக்குமதியாகி வரும் தெர்மோகோல் பெட்டிகளே தொட்டிகள். அடியில் கீறிய பிளாஸ்டிக் குவளைகளே கூடைகள். நாற்றின் ஊடகம் கருக்கிய உமி அல்லது தேங்காய் நார்த்தூள். உமியை முழுச் சாம்பலாகாமல் புகைமூட்டத்தில் கருக்கும்போது வெப்பத்தால் கிருமி அழிகிறது. நொய் முளைக்கும் தொல்லையும் தீர்கிறது. நெல் விளையும் ஆசிய நாடுகளில் உமிக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலையின் பின்புறம் குவிந்து கிடப்பதைக் கொண்டே வேகவைத்த மண்ணுக்கு நிகரான தூய்மையை அடைந்துவிட்டார்கள்.

நார்த்தூளின் நெடும்பயணம்

இனி, நமக்கு மிக நெருங்கிய பொருளுக்கு வருவோம். தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்காக நாரைப் பிரித்தெடுக்கும்போது உதிரும் தூளின் எடை, கிடைக்கும் நாரின் எடையைவிட மிகுதி. அதில் லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்குவதில்லை. அதனால் கேரளத்திலும் பொள்ளாச்சிப் பகுதியிலும் இலங்கையிலும் நார் ஆலைகளின் அருகே அது பல ஆண்டுகள் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. மழையில் அதன் பழுப்புச் சாறு வழிந்து கிணற்றுநீரைக் கெடுத்தது. எரித்தாலும் புகை, விட்டாலும் தொல்லை.

வியப்பு என்னவென்றால், இதன் பயனை உலகம் ஒருமுறை அறிந்து மறந்துபோயிருந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தேங்காய்நார் விரிப்பு நெய்யும் ஆலைகளின் கழிவாக வெளிவந்த தூளைத் தோட்டக்காரர்கள் மூட்டைமூட்டையாக வாங்கி, நாற்றுக்கும் தொட்டிச்செடிக்கும் பயன்படுத்தினார்கள். பிறகு பீட் மலிவாகக் கிடைக்கவே அந்த வழக்கம் தேய்ந்தது. 1949இல் எகனாமிக் பாட்டனி என்ற இதழில் ஹியூம் என்பவர் எழுதிய கட்டுரை இதை மீண்டும் நினைவூட்டியது. கோகோபீட் என்ற பெயர் அக்கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் 1980களில் நெதர்லாந்தின் கண்ணாடிக்குடில்கள் பீட்டுக்கும் ராக்வூலுக்கும் மாற்றுத் தேடத் தொடங்கியபிறகே நார்த்தூளுக்கு உண்மையான சந்தை பிறந்தது. நேற்றுவரை கழிவென்று கொட்டியதை இன்று கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றுகிறோம்.

நார்த்தூளில் ஒரு குறையும் உண்டு. மட்டையைக் காயல்நீரில் ஊறவைத்திருந்தால் உப்பு ஏறியிருக்கும். ஊறவைக்காத மட்டையிலும் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே இருக்கும். அவை இளநாற்றைக் கருக்கிவிடும். ஏற்றுமதியாளர்கள் நன்னீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து இதைச் சரிசெய்கிறார்கள். கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மக்கவைப்பதற்கும் வழி கண்டார்கள். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கயிறு வாரியமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சிப்பிக் காளானின் பூசண இழைகளைக் கொண்டு நார்த்தூளை எருவாக்கும் முறைகளைப் பரப்பின. 2013-14இல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டத் தொகுப்புகளை வழங்கியபோது, அதில் மண்ணின் இடத்தில் இருந்தவை நார்த்தூள் கட்டிகளே.

வரலாறு கைக்கு வரும்போது

இத்தனை ஊர்களையும் ஆண்டுகளையும் சுற்றிவந்ததில், வீட்டில் நாற்றுவிட நினைப்பவருக்குச் செயல்முறை தானாகவே கிடைத்துவிடுகிறது.

நார்த்தூள் கட்டியை வாங்கினால் வாளி நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பழுப்புச் சாறு வெளிறும்வரை இரண்டு மூன்று முறை நீர் மாற்றவேண்டும். உமியானால் ஊறவைத்து அலசவேண்டும், அல்லது கருக்கி, சாம்பலின் காரம் நீங்கக் கழுவவேண்டும். மணலானால் களிமண் கரையுமட்டும் அலசிக் கொதிநீர் ஊற்றி ஆறவிடலாம். மரத்தூளானால் மருந்தடித்த பலகையின் தூளை அண்டவிடக்கூடாது. நார்த்தூள் ஈரத்தைப் பிடிக்கும். உமியும் மணலும் காற்றுக்கு வழிவிடும். எனவே ஒன்றை மட்டும் நம்பாமல் கலந்துகொள்வது நலம். கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும், நீர் ஒழுகக்கூடாது. நாற்றழுகலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

குழித்தட்டு இல்லையென்றால் அடியில் துளையிட்ட தேநீர்க் குவளை போதும். விதையை அதன் கனத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குமேல் புதைக்கவேண்டாம். முதலில் ஊற்றவேண்டியது வெறும் நீர். ஆர்வமிகுதியால் தொடக்கத்திலேயே உப்புக்கரைசலை ஊற்றினால், விதை நீரை உறிஞ்சுவதே தடைப்படும்; உப்பு அதிகமான இடத்துக்கு நீர் இழுபடுவது இயற்கை. தண்டுக்கீரை மூன்று நான்கு நாட்களிலும், தக்காளி ஒரு வாரத்தை ஒட்டியும் தலைகாட்டும். முளை வெளிவந்தவுடன் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடவேண்டும். முளைப்பாரியின் வெளிறிய நீட்சி சடங்குக்கு அழகு. செடிக்கு அது பலவீனம். விதையிலைக்குப் பின் முதல் மெய்யிலை விரியும்போதுதான் தாய் கொடுத்த உணவு தீர்கிறது. அப்போது கரைசலைப் பாதிச் செறிவுக்கும் குறைவாகத் தொடங்கினால் போதும். நார்த்தூளை மக்கவைக்காமல் பயன்படுத்தினால் இதைத் தள்ளிப்போடக்கூடாது. அதில் கரிச்சத்துக்கு ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தைவிடவும் தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்க முயலும் நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

மலிவான ஊடகத்தைப் புகழும்போது அதன் எல்லையையும் சொல்லவேண்டும். கழுவுவதற்கு நீர் வேண்டும். கோடையில் அந்நீரே அரிது. ஒரு மூட்டை நார்த்தூள் இன்னொரு மூட்டையைப்போல் இராது. ராக்வூல் விலையில் அடங்கியிருப்பது அந்தச் சீர்மைதான். ஆயிரக்கணக்கில் நாற்று விற்பவர் அதைத் தேர்வதில் தவறில்லை. ஆனால் இருபது குவளைகளில் கீரை வளர்ப்பவருக்கு இரண்டு நாற்று தப்பிப்போனால் பேரிழப்பில்லை. மறுபடி ஒரு சிட்டிகை விதை தூவிக்கொள்ளலாம்.

ஹைட்ரோபோனிக்ஸின் வரலாறு கரைசல்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கரைசலுக்கு உப்புகளை வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை. விதை நிற்கும் இடத்துக்கோ ஒவ்வொரு நாடும் தன் காலடியில் கிடந்ததையே எடுத்திருக்கிறது. ஆய்வாளருக்கு மரத்தூள், கலிம்போங்குக்கு உடைந்த கல், பொகோட்டாவின் பெண்களுக்கு உமி. பொகோட்டாவில் அந்தப் பெட்டிகளை நிரப்பியவர்களிடம் விலைப்பட்டியலுக்கான பணம் இருந்ததில்லை. அவர்கள் கீரை மட்டும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னையும் நெல்லும் விளையும் நாட்டில் வாழும் நாம், விதை முளைக்கவைக்கப் பணம் இல்லை என்று ஒதுங்குவதற்கு வரலாற்றில் எந்த ஆதாரமும் இல்லை. அடுத்தமுறை அரிசி ஆலையின் உமிக்குவியலையோ நார் ஆலையின் தூள்மேட்டையோ கடந்து செல்லும்போது ஒரு பையை நிரப்பிக்கொண்டு வாருங்கள். நாற்றங்கால் அதற்குள்ளேயே இருக்கிறது.